தோள் மாற்றச் சொன்னவர்

பள்ளிக்கூடம் பெரிதாகப் போகாமலே வேலணையில் மூன்று கடை போட்டவன் நான். என் தோள்வலியைக் காரணம் காட்டி, இந்த முறை திருவிழாவில் அம்மனைத் தோளில் காவ விடமாட்டார்களோ என்ற பயத்தில் ஜிம்முக்குப் போனேன்.

அங்கே மாஸ்டர் கழுத்தில் சிலுவை, வாயில் எந்நேரமும் கராம்பு. "மூண்டு செற், செற்றுக்குப் பத்து ரெப்" என்றார். செற், ரெப் விளங்காவிட்டாலும் கணக்கில் நான் புலி. இரும்பை முப்பது தரமும் ஒரே மூச்சில் தூக்கினேன்.

"ஐயா, பத்துத் தூக்கினால் ஒரு செற். பிறகு இறக்கி வைச்சு ஆறோணும்."

"சுவாமி காவுறவன் இடையில இறக்கிறேல்லை, தம்பி!"

"தோள் மாத்துவியள்தானே? நாங்கள் மாதாவைக் காவேக்கையும் அப்பிடித்தான்."

திருவிழாவில் தோள் மாற்றி மாற்றி அம்மனைக் காவினேன். என் பலம் என்றுதான் எல்லாரிடமும் சொன்னேன். ஆனாலும் பத்துக்கு ஒருக்கால் இறக்கச் சொல்லி என்னைச் சும்மா நிற்க வைத்த ஒரே மனிதர் அந்த மாஸ்டர்தான்.