இமயத்து ஓடையில் என் தங்கை எறிந்த கயிறு

என் தங்கைக்கும் எனக்கும் ஒன்பது வயது வித்தியாசம். நான் சிங்கப்பூரின் செம்பவாங்கில் ஒரு கப்பல் பட்டறையில் பாதுகாப்பு அதிகாரி. அவள் தொடக்கப்பள்ளி ஆசிரியை. மாணவர்களைக் கயாக் என்ற சிறு துடுப்புப் படகு ஓட்ட அழைத்துப் போன இடத்தில் அவளுக்கு அந்தப் பைத்தியம் பிடித்தது. அவளிடமிருந்து எனக்கும் ஒட்டிக்கொண்டது.

நீர்த்தேக்கத்தில் தொடங்கி, பள்ளி விடுமுறைதோறும் எல்லை தாண்டி மலேசிய ஆறுகளுக்குப் போகும் அளவுக்கு வளர்ந்தோம். கவிழ்ந்த கயாக்கிலிருந்து வெளியே வராமல், இடுப்பை ஒரு வெட்டு வெட்டி அதை நிமிர்த்துவதற்கு ரோல் என்று பெயர். எனக்கு அது தவறாமல் வரும். அவளுக்குப் பாதி நாள்தான் வரும். அதனால் எந்த ஆற்றிலும் நான்தான் கடைசியாக வருவேன், அவள் கவிழ்ந்தால் பொறுக்கி எடுக்க.

போன வருடம் நேபாளத்தில் ஓர் ஓடைக்குப் போனோம். ஜீப் நின்ற இடத்திலிருந்து ஒன்றரை நாள் ஏற்றம். சுமை தூக்குபவர்கள் எங்கள் படகுகளை முதுகில் கட்டிக்கொண்டு பேசிச் சிரித்தபடி போனார்கள். நாங்கள் வெறுங்கையோடு நடந்தும் பத்தடிக்கு ஒருமுறை நின்றோம். எங்கள் நேபாள வழிகாட்டி மலேசியாவின் ஜொகூரில் ஒரு தொழிற்சாலையில் பல வருடம் வேலை பார்த்தவர். எங்களைப் பார்க்கும்போதெல்லாம் “பெலான்-பெலான்” என்பார். மெதுவாக வா என்பதற்கு மலாய்ச் சொல். இமயமலையில் மலாய் பேசிக்கொண்டு நடப்போம் என்று யார் நினைத்தது.

ஓடை இரண்டு பேருந்து அகலம்தான். பனி உருகி வந்த தண்ணீர், பாறைக்குப் பாறை தாவி இறங்கியது. மூன்றாவது சரிவில் வழிகாட்டி முதலில் இறங்கினார். அடுத்து தங்கை இறங்கி, கீழே கரையேறி, விழுந்தவருக்கு எறியும் கயிற்றுப் பையோடு ஒரு பாறைமேல் நின்றாள். பிறகு நான்.

பாதியில் படகின் மூக்கு ஒரு பாறையில் ஏறியது. அடுத்த நொடி தலைகீழாக இருந்தேன். முகத்தில் அறைந்தது போன்ற குளிர். ரோல் செய்யத் துடுப்பை வீசினேன், அது பாறையில் இடித்தது. இரண்டாம் முறை வாய்வரைதான் மேலே வந்தேன். மூன்றாவதற்கு மூச்சில்லை. இடுப்பைச் சுற்றிப் படகை மூடியிருந்த ரப்பர் துணியைப் பிடுங்கிவிட்டு வெளியே நீந்தினேன்.

“அக்கா, கயிறு!”

அது என் தோளில் வந்து விழுந்தது. பிடித்துக்கொண்டேன். அவள் சட்டென்று உட்கார்ந்து குதிகாலைப் பாறையில் ஊன்றினாள். தண்ணீரே என்னைக் கரைப் பக்கம் ஒதுக்கியது.

நான் இருமி முடிக்கும்வரை முதுகைத் தட்டி, குடுவையிலிருந்து டீ ஊற்றிக் கொடுத்தாள். பிறகு என் காலைப் பார்த்து, “ஒரு ஷூ போச்சு லா,” என்றாள்.

“உன்னப் பாத்துக்கத்தான் நான் வந்தேன்.”

“தெரியும். டீ குடி.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இரண்டு பாறைக்கு நடுவே சிக்கியிருந்த என் படகை அவளும் வழிகாட்டியும் கயிறு கட்டி இழுத்தார்கள். வெகுநேரம் ஆனது. அதன் வயிற்றில் ஒரு பெரிய பள்ளம்.

நடந்தே இறங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். அவள் வற்புறுத்தவில்லை. “உன் இஷ்டம்” என்றாள். அந்த வார்த்தை கேட்டதும் ஏனோ பயம் பாதியாகிவிட்டது. வழிகாட்டி கொடுத்த மாற்றுத் துடுப்பை வாங்கிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

“இந்த தடவை நீ முன்னாடி போ,” என்றாள் தங்கை. “நான் பின்னாடி வர்றேன்.”

போனேன். ஆளுயர வீழ்ச்சி ஒன்று வந்தது. கண்ணை மூடாமல் இறங்கினேன். கீழே நுரைக்குள் புதைந்து, நிமிர்ந்தே வெளியே வந்தேன். தொங்குபாலத்தில் புல்லுக்கட்டோடு நின்ற பெண்கள் கை தட்டினார்கள். நான் துடுப்பைத் தூக்கிக் காட்டினேன். நாற்பத்தாறு வயதில் யாரும் எனக்குக் கை தட்டி வெகுகாலம் ஆகியிருந்தது.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை அம்மாவை லிட்டில் இந்தியாவில் வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனோம். ‘போட் டிரிப்’ என்று மட்டுமே அவரிடம் சொல்லியிருந்தோம். வழிகாட்டியின் தலைக்கவசக் கேமராவில் பதிவானதைத் தங்கை கைப்பேசியில் காட்டினாள். அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு இரண்டு தடவை பார்த்தார்.

“இதுல கவுந்தது யாரு?”

“நான்தாம்மா.”

அம்மா தங்கை பக்கம் திரும்பினார். “நல்லா எறிஞ்சிருக்க.” பிறகு என்னிடம், “அடுத்த தடவ போறப்ப என்கிட்ட முழுசா சொல்லிட்டுப் போங்க,” என்று சொல்லிவிட்டு, ரசம் கொண்டுவரச் சொல்லிக் கையைத் தூக்கினார்.