கடைசி ஆளின் விசில்

“இன்னும் ஒரே ஒரு மேடுதான்!” என்று நோனி லோனர்கன் திரும்பிப் பார்க்காமலே கத்துவார். அந்த ஒரு மேட்டை நான் ஒன்பது வருஷமாக ஏறிக்கொண்டிருக்கிறேன். மூச்சு முட்ட ஏறி முடித்தால், பனிக்குள்ளிருந்து இன்னொன்று தலையை நீட்டும். கால்ட்டிமோர் மலையில் பொய் உச்சிகளுக்குப் பஞ்சமில்லை. நோனியின் வாயிலும்தான். கேட்டால், “நான் சொன்னது இந்த மேட்டைடா மாஸி, அது வேற” என்பார். இந்த வயிற்றெரிச்சல் எனக்கு இன்னும் ஆறவில்லை.

மலையடிவாரத்து ஊரான பான்ஷாவில் நோனி இரும்புக்கடை வைத்திருக்கிறார். அந்த அம்மாளுக்கு வயது அறுபத்தேழு. ரப்பர் பூட்ஸ், ஆட்டுக்கு அடையாளம் போடும் சாயம், எலி மருந்து எல்லாம் கிடைக்கும். மலையேறும் கைத்தடி மட்டும் கிடைக்காது. “நாலு கால் வேணும்னா ஆடாப் பொறந்திருக்கணும்” என்று கேட்டவரை அனுப்பிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தேவாலய வாசலில் காரின் பின்கதவைத் திறந்து உட்கார்ந்து, காலுறைக்கு மேல் காலி ரொட்டிக் கவரை மாட்டி, அதற்கு மேல் பூட்ஸை இழுப்பார். கால் நனையாதாம். வானம் கொட்டும்போது யாராவது முணுமுணுத்தால், “மழையா இது? மலை மூச்சு விடுது” என்பார். உச்சியிலிருக்கும் வெள்ளை இரும்புச் சிலுவையைத் தொடும்வரை பன்றிக்கறி சாண்ட்விச்சை அவரும் பிரிக்க மாட்டார், நம்மையும் பிரிக்க விட மாட்டார்.

நான் வயலுக்கு அடிக்கும் சாணிக்குழம்பு டேங்கர் ஓட்டுகிறவன். என்னைக் காரில் ஏற்றுகிறவர்கள் ஜனவரிக் குளிரிலும் ஜன்னலை இறக்கிவிடுவார்கள். பள்ளிக்கூடத்தில் நான் ஏறிய கடைசி மேடு ஆறாம் வகுப்பு. அப்படிப்பட்டவனுக்கு, ஞாயிறுதோறும் மலையேறும் அவருடைய குழுவில் சேர்ந்த முதல் நாளே தூரத்திலேயே தெரியும் ஆரஞ்சு மேல்சட்டையை மாட்டி, கழுத்தில் விசிலைத் தொங்கவிட்டார் நோனி.

“நீதான் கடைக்காவல். உனக்குப் பின்னால ஒரு உயிர் இருக்கக் கூடாது. யாராவது நின்னுட்டா ஊது.”

பதவி! பப்பில் அதைச் சொல்லிச் சொல்லியே பல மாதம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன். ஒருநாள் அங்கே குடிக்க வரும் பேட்ஸி டோபின் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, “எப்படியும் நீதானே கடைசியா வரப்போறே? தொலைஞ்சு போகாம இருக்க மாட்டுக்கு மணி கட்டியிருக்கா, அவ்வளவுதான்” என்றான். பப்பே சிரித்தது. யோசித்துப் பார்த்தால் எனக்கும் கணக்கு சரியாகத்தான் வந்தது. அடுத்த ஞாயிறு விறைப்பாகப் போய் விசிலை நீட்டினேன்.

நோனி வாங்கவில்லை. “கடைசியா வர்றவன் வேற, கடைசியைக் காக்கிறவன் வேற. நீ எதுன்னு நீயே பாத்துக்க. முதல்ல பூட்ஸைக் கட்டு, கயிறு தொங்குது.”

கட்டினேன்.

இந்த வருஷம் வசந்தத்தில் நோனிக்கு இடுப்பு மூட்டை மாற்றினார்கள். அவர் நடத்திவந்த குழுவை எங்களோடு ஏறும் கோர்மக் எடுத்துக்கொண்டான். நல்ல பையன், போனில் வரைபடம் பார்த்து நடப்பான். மேடு ஏற முடியாதவர்கள் கீழே ஏரிக்கரையைச் சுற்றி நடக்கும் குழுவுக்குப் போக வேண்டும் என்பது சட்டம். நோனி அந்தக் குழுவுக்கு வைத்திருந்த பெயர் ‘கேக் தின்னும் குழு’.

போன ஞாயிறு அவர் மறுபடி ரொட்டிக் கவரை மாட்டிக்கொண்டு வந்து நின்றார். கோர்மக் தலையைச் சொறிந்தான்.

“இன்னைக்கு ஒரு தடவை பாப்போம் நோனி. மாஸி விசில் அடிச்சான்னா அடுத்த வாரத்துலேருந்து நீங்க ஏரிக்கரை. சண்டை போடக் கூடாது.”

“அடிச்சாத்தானே?” என்றார் நோனி. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் என் பூட்ஸ் கயிற்றைப் பார்த்தேன்.

சதுப்பு தாண்டும்வரை சமாளித்தார். அதற்கு மேல் பனி இறங்கியது. முன்னால் போனவர்களின் பேச்சு கேட்டுக்கொண்டே இருந்து, பிறகு கேட்கவில்லை. நோனி ஒரு பாறையில் கை ஊன்றி நின்றுவிட்டார். இந்த மலையில் ஒரு மனுஷியை நான் முந்தியது அன்றுதான். சொல்லக் கூசுகிறது, ஐந்தாறு அடிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அப்புறம் திரும்பி வந்தேன்.

சட்டப்படி ஊத வேண்டும். விசில் பல்லுக்கு இடையில் இருந்தது. எடுத்துவிட்டு, “இன்னும் ஒரே ஒரு மேடுதாம்மா நோனி” என்றேன்.

“பொய் சொல்லக்கூட வக்கில்ல உனக்கு. மூணு இருக்கு.”

“மூணுதான்.”

“சிலுவையைத் தொடுவேன். நேரமாகும். ஆனா தொடுவேன்.”

விசில் என் கையிலேயே இருந்தது. நோனி அதைப் பார்த்தார், என் ஆரஞ்சுச் சட்டையைப் பார்த்தார். பாறையிலிருந்து கையை எடுத்து என் பக்கம் நீட்டினார்.

“ரெண்டையும் கழட்டிக் குடு. இன்னைக்குக் கடைக்காவல் நான். நீ முன்னாடி நட.”