சாக்குக்குள் வந்த பால்சுறா

திருத்தணியில் பால்சுறா பார்த்து வாங்கத் தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். ஆனாலும் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் என் மீன்கடைக்குத்தான் ஆள் வரும். சுறாப்புட்டு தின்றால் தாய்க்குப் பால் ஊறும். அதிலும் வயிறு பெருத்த சுறாவென்றால் இரண்டு பங்கு ஊறும் என்று ஊரை நம்பவைத்தவனே நான்தான்.

போன மாசியில் என் மகளுக்கே பால் சுரக்கவில்லை. டப்பாப் பாலைக் குழந்தை கக்கியது. அழவும் தெம்பில்லாமல் கிடந்தது. காசிமேட்டுக்கு நானே போய், வலையிலிருந்து அப்போதுதான் இறக்கிய, வயிறு பெருத்த ஒன்றைத் தூக்கினேன். மீன் விற்றவள் முறைத்தாள்.

"மாசமா கீறதையே பொறுக்கிறியே பெரியவரே. இது இன்னா நெத்திலியா, கொட்டிக்கினே இருக்க? நாலஞ்சு குட்டிதான் போடும். இப்டித் தாயாப் பாத்துத் தின்னா கடல்ல இன்னா மிஞ்சும்?"

"என் பொண்ணுக்குப் பால் வரணும். சாக்குல கட்டு."

ஐஸ் போடக்கூட நிற்கவில்லை. ரயிலில் ஈரச் சாக்கைக் காலடியில் வைத்திருந்தேன். எதிரே, குழந்தைக்கு மொட்டை போட மலைக்கு வரும் குடும்பம். அரக்கோணம் தாண்டியதும் சாக்கு அசைந்தது. அந்த அம்மா காலை மேலே இழுத்துக்கொண்டாள்.

"அது உயிரோட கீதா?"

"செத்த மீன்மா. வண்டி குலுங்குது."

வண்டி சிக்னலில் நின்றது. சாக்கு நிற்கவில்லை. உள்ளிருந்து ஏதோ என் கணுக்காலைத் தட்டியது. மெதுவாக, விட்டுவிட்டு.

வீட்டுப் பின்பக்கத்தில் வயிற்றைக் கீறினேன். தாய் விறைத்திருந்தது. உள்ளே குட்டிகள், ஒவ்வொன்றும் தொப்புள்கொடியோடு. எத்தனையோ அறுத்தவன் நான். ஐஸில் வந்த குட்டிகளெல்லாம் செத்தவை. இவை கண்ணைத் திறந்துகொண்டு, சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடின.

மகள் குழந்தையோடு கதவருகில் நின்றிருந்தாள். அதற்கு இன்னும் தொப்புள்கொடி விழவில்லை.

"நைனா, அதுங்க இன்னா கேக்குதுங்க?"

அவள் நைட்டியின் முன்பக்கம் நனைந்துகொண்டே வந்தது. குழந்தை முகத்தைத் திருப்பித் தேடியது. படியிலேயே உட்கார்ந்து கொடுத்தாள். கண் மட்டும் குட்டிகளை விட்டு நகரவில்லை. ஒவ்வொரு வாயாக அசைவு நின்றது. குழந்தை விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"புட்டு..." என்றேன்.

"வாணாம். இனிமே யாருக்கும் வயித்துல குட்டியோட கீறத எடுத்துக்கினு வராத நைனா."

"ஆங்."

புதைப்பதற்காகக் குட்டிகளை அள்ளினேன். எல்லாம் அடங்கிவிட்டதென்று நினைத்தேன். கடைசிக் குட்டி என் விரலை வாய்க்குள் வாங்கிக்கொண்டது. பல் முளைத்திருந்தது. கடிக்கவில்லை.