உயரப் பிள்ளையின் தாய்க்கு ஒரு வருட ஒப்பந்தம்

கூடைப்பந்தாட்டக்காரியின் தாய் என்பது சம்பளம் இல்லாத, லீவு இல்லாத, களைத்துப்போனால் மாற்றி இறக்க ஆளும் இல்லாத ஓர் உத்தியோகம். பாட்டுக்காரப் பிள்ளையைப் பெற்றவள் மேடைக்குக் கீழே இருந்து ஆறுதலாகக் கண்ணீர் விடலாம். எங்களுக்கு அதற்கும் நேரமில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால் பந்து மற்றப் பக்கம் போயிருக்கும். ஓடுகிற, எறிகிற, பாய்கிற பிள்ளைகளைப் பெற்று வைத்திருக்கும் தாய்மாரே, உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது. விளங்கப்படுத்த எனக்குப் பொறுமையும் இல்லை.

என் மகள் ஜெனிற்றா. இருபது வயது, ஆறடி ஓரங்குலம். கொழும்பில் ஒரு கம்பெனி தன் பெண்கள் அணிக்கு அவளை ஒரு வருட ஒப்பந்தத்தில் எடுத்தது. வருடம் முடிய வைத்திருப்பார்களா, பெட்டியைக் கட்டச் சொல்வார்களா என்ற கேள்வி அந்தப் பன்னிரண்டு மாதமும் என் குசினி அடுப்படியிலேயே குடியிருந்தது.

கட்டில்

பதினாறு வயதில் அவளுடைய கால் கட்டிலுக்கு வெளியே வந்துவிட்டது. முதலில் கால்மாட்டில் ஒரு கதிரையைப் போட்டுச் சமாளித்தேன். பிறகு தச்சுவேலை செய்யும் சூசையண்ணரைக் கூப்பிட்டு, அளவெடுத்து, வேம்பில் புதுக்கட்டில் செய்வித்தோம். எட்டு மாதம் போகவில்லை, பெருவிரல் இரண்டும் திரும்பவும் வெளியே எட்டிப் பார்த்தன.

சூசையண்ணர் மறுபடி வந்து அளவுநாடாவைப் பிடித்துக்கொண்டு, ஐந்தடி இருக்கிற என்னையும் சுவரோடு சாய்ந்து நிற்கிற அவளையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஏதோ வேண்டுமென்று செய்த வேலை மாதிரி ஒரு பார்வை. நாடாவைச் சுருட்டிச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுச் சொன்னார்: "மிஸிஸ், பிள்ளை வளந்து முடிஞ்ச பிறகு ஒருக்காச் சொல்லி அனுப்புங்கோ. அதுவரைக்கும் நிலத்தில படுக்கட்டும்."

வாங்கு

பள்ளிக்கூடத்தில் அவளுக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. வளையத்துக்குக் கீழே போய் நிற்க வேண்டும். மற்றப் பிள்ளைகள் பந்தை மேலே போட, இவள் கையை நீட்டி வாங்கி உள்ளே வைப்பாள், நான் அலுமாரியின் நடுத்தட்டில் சீனிப்போத்தலை வைப்பதுபோல. மாவட்டம், மாகாணம் எல்லாம் அப்படியே வென்றார்கள்.

கொழும்புக்குப் போனால் அங்கே இவளைவிட உயரமான இரண்டு பேர் வளையத்துக்குக் கீழே ஏற்கெனவே நிற்கிறார்கள். கோச் ஒரு நீர்கொழும்புக்காரி, றொஷானி என்று பெயர். முதல் கிழமையே சொல்லிவிட்டா, இனி ஜெனிற்றா வெளியே நின்று விளையாடும் போர்வேர்ட். தூரத்தில் நின்று எறியவும் வேண்டும், மற்றவளுக்குப் பந்து கொடுக்கவும் வேண்டும், எதிரணியின் உயரக்காரியை மறிக்கவும் வேண்டும். இதைப் பழகினால் அடுத்த வருடமும் இடம் உண்டு, பழகாவிட்டால் இல்லை. அதுவரைக்கும் மாற்று ஆட்டக்காரிகளோடு வாங்கில் இருந்து பார்க்க வேண்டியதுதான்.

இதை நான் என் மனுசன் அன்ரனுக்குச் சொன்னேன். அவர் பேசாலையில் மீன்வாடி வைத்திருப்பவர், அதிகம் கதைக்காதவர். சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்: "வாங்கில இருத்துறதுக்கோ பிள்ளைய அவ்வளவு தூரம் அனுப்பினனாங்கள்? வாங்கு எங்கட விறாந்தையிலயும் கிடக்குதுதானே."

பார்சல்

வாங்கில் இருக்கிற பிள்ளைக்கும் பசிக்கும். அதனால் கிழமைக்கு ஒரு பார்சல் கொழும்பு பஸ்ஸில் ஏற்றினேன். விடத்தல்தீவு நண்டைப் பொரித்து ஒரு டப்பா, பாரைக் கருவாடு, எள்ளுருண்டை, பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மா. என் சிநேகிதி பரீதா எருக்கலம்பிட்டியிலிருந்து தன் பங்குக்கு ஒரு போத்தல் மாசிச் சம்பல் கொண்டுவந்து திணிப்பாள். நாங்கள் இரண்டு பேரும் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர்கள். இடையில் அவள் குடும்பம் புத்தளத்தில் கழித்த வருடங்களைத் தவிர, மற்ற எல்லா நாளும் என்னோடு சண்டை பிடித்துக்கொண்டே இருக்கிறவள்.

மூன்றாம் பார்சலுக்கு விடுதியிலிருந்து முறைப்பாடு வந்தது, மேல்மாடி முழுக்கக் கருவாட்டு மணமாம். நான்காவதைக் குறைத்துத்தான் அனுப்பினேன். ஐந்தாவதைத் தூக்கிப் பார்த்த பஸ் கொண்டக்டர் கேட்டான்: "அக்கா, மகள் அங்க விளையாடுறாவோ, இல்லாட்டிக் கடை போட்டிருக்கிறாவோ?"

மன்னிப்பு

ஒரு பின்னேரம் கோச் றொஷானியே எனக்குப் போன் எடுத்தா. நான் உடனே மடத்தில் பழகின பணிவான குரலில், "ஓம், சொல்லுங்கோ மிஸ்," என்றேன். மறிக்கும் வேலையில் உடம்பு உடம்போடு மோதும், அதுதான் ஆட்டம், ஜெனிற்றாவுக்கு அது வருகுதில்லை என்றா.

எப்படி வரும்? மூன்று வயதிலிருந்து நான் சொல்லி வளர்த்தது அதற்கு நேர் எதிர். ஆளைத் தட்டாதே, வழி விடு, நீ பெரிய பிள்ளை, உன் முழங்கை பட்டால் சின்னப் பிள்ளைகளுக்கு நோகும், உடனே 'சொறி' என்று மன்னிப்புக் கேள். கோயில் வரிசையிலும் பஸ் வரிசையிலும் அவள் ஒதுங்கி ஒதுங்கி நின்றதைப் பார்த்து ஊரே மெச்சியது. நானும் அதைக் கேட்டுப் பூரித்தேன். ஒரு பிள்ளையை அவளுடைய சொந்த அளவுக்கே வெட்கப்பட வைத்திருக்கிறேன் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

"மோதினால் மன்னிப்புக் கேட்பது நல்ல பழக்கம்தானே, மிஸ்?" என்று விட்டுக்கொடுக்காமல் கேட்டேன்.

கோச் பெருமூச்சு விட்டா. "மோதின பிறகு சொன்னாப் பரவாயில்லை அம்மா. உங்கட மகள் மோதுறதுக்கு முதலே சொல்லுறா."

கச்சான் காற்று

அதற்குப் பிறகு ஒரு மாத லீவில் வந்தாள். வந்த மறுநாளே பந்தையும் தூக்கிக்கொண்டு பழைய பள்ளிக்கூட மைதானத்துக்குப் போய், தூரத்திலிருந்து எறியப் பழகத் தொடங்கினாள். காலையும் மாலையும் எறிந்தாள். கச்சான் காற்று ஊரைப் பிரட்டிக்கொண்டிருந்த மாதம் அது. கொடியில் போட்ட தடித்த படங்குச் சீலையே நிற்காது. அந்தக் காற்றிலும் பத்துக்கு எட்டு உள்ளே விழுந்ததை நான் என் கண்ணால் கண்டேன். இனிப் பயமில்லை என்று பரீதாவுக்கும் சொல்லி, அந்தோனியாருக்கு மெழுகுதிரியும் கொளுத்தினேன்.

கொழும்புக்குத் திரும்பிப் போனாள். பத்துக்கு ஒன்றும் விழவில்லை. கோச் முழங்கையைத் திருத்தினா, காலைத் திருத்தினா, மூச்சு விடுகிறதைக்கூடத் திருத்தினா. கடைசியில் பிள்ளை தான் எறிகிறதை வீடியோ எடுத்து எனக்கு அனுப்பினாள். நானும் பரீதாவும் குசினி மேசையில் போனைச் சாய்த்து வைத்துப் பார்த்தோம். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த பரீதாதான் கேட்டாள், "என்னடி இது, எல்லாப் பந்தும் இடப்பக்கமே போய் விழுகுது? வலப்பக்கம் ஒண்டாவது தவறக்கூடாதா?"

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. எங்கள் மைதானத்தில் வளையத்தைப் பார்த்து நின்றால் கச்சான் இடப்பக்கத்தால் அடிக்கும். பந்தைக் காற்று வலப்பக்கம் தள்ளும் என்று கணக்குப் போட்டு, பிள்ளை ஒரு சாண் இடப்பக்கமாகவே எறிந்து பழகியிருக்கிறாள். கொழும்பில் நாலு சுவருக்குள், கூரைக்குக் கீழே, இல்லாத காற்றுக்கும் அதே ஒரு சாண் விட்டு எறிகிறாள். நான் அந்த இடத்திலேயே கோச்சுக்குப் போன் எடுத்து, "மிஸ், கையைத் திருத்தாதேங்கோ, அவ கச்சானுக்கு எறியுறா," என்று கத்தினேன். விளங்கப்படுத்தி முடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு கோச் சொன்னா: "இத்தனை வருசமாக் கோச்சிங் செய்யுறன் அம்மா. இல்லாத காத்தை எப்பிடி நிப்பாட்டுறதெண்டு எனக்கு ஒருத்தரும் படிப்பிக்கேல்லை."

ஏச்சு

காரணம் தெரிந்தால் போதாது, கை மறக்க வேண்டுமே. பழகினதை விடுவதற்கு இரண்டு மாதத்துக்கு மேல் எடுத்தது. அதற்குள் மூன்று ஆட்டங்களில் அவளை ஒரு நிமிடம்கூட இறக்கவில்லை. ஒரு நாள் மதியம் நான் சூடை மீன் வெட்டிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. கையெல்லாம் செதில். முழங்கையால் அமத்தி ஸ்பீக்கரில் போட்டேன். முதலில் விம்மல்தான் கேட்டது. பிறகு, "அம்மா, நான் வந்திடட்டோ?" என்றாள்.

தாய்மாரே, வாய்க்குப் பெயர்போன நான் மீன் வெட்டின கத்தியைக் கீழே வைத்தேன். வா என்று சொல்லத்தான் நெஞ்சு சொன்னது. அவளுடைய கட்டில் விரித்தபடிதான் கிடந்தது. "வாறதெண்டா வாங்கோ குஞ்சு. நண்டுக்கறி வைக்கிறன். ஒருத்தரும் ஒண்டும் கேக்க மாட்டினம்," என்று, நான் ஒருநாளும் கதைக்காத ஒரு குரலில் சொன்னேன். அவளை நான் 'வாங்கோ' என்றது பால்குடி மறந்த பிறகு அதுதான் முதல் தடவை.

மற்றப் பக்கம் அழுகை பட்டென்று நின்றது. "அம்மா, இப்பிடிக் கதைக்காதேங்கோ, எனக்குப் பயமாக் கிடக்கு. வழமையா ஏசுற மாதிரி ஏசுங்கோ."

பக்கத்துக் கதிரை

நன்றாக ஏசினேன். அவள் வரவில்லை. வருடத்தின் கடைசி ஆட்டத்துக்கு நானும் அன்ரனும் பஸ் ஏறிப் போனோம். என்னைச் சுற்றி எல்லாம் கொழும்புச் சனம். பக்கத்துக் கதிரையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு வவுனியாப் பெண்மணி, எதிரணியின் உயரக்காரியுடைய தாய். அவவின் மகள் போடப் போட விழுந்தது. முதல் பாதி முழுக்க அந்த அம்மா கை தட்ட, நான் செபமாலையின் மணிகளை நசித்தேன். ஜெனிற்றா இறங்கவே இல்லை. வாங்கு நுனியில் குனிந்து, அந்த உயரக்காரியின் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் கால்பகுதியில் கோச் அவளை எழுப்பினா. என் பிள்ளை போய் அந்த உயரக்காரியின் முன்னால், நெஞ்சை நிமிர்த்தி, முழு ஆறடி ஓரங்குலமும் தெரிய நின்றாள். அந்தப் பிள்ளை எந்தப் பக்கம் திரும்பினாலும் இவள் அங்கே முதலே நின்றாள். தூரத்திலிருந்து எறிந்தவை இரண்டு, நேராகவே போய் விழுந்தன. மிச்ச நேரமெல்லாம் பந்தை வாங்கி மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு புள்ளியால் வென்றார்கள். ஆட்டம் முடியக் கோச் நேரே எங்களிடம் வந்து, அடுத்த வருடமும் ஜெனிற்றா இருக்கிறா, ஆனால் தொடக்கத்தில் இறக்க மாட்டேன், இருந்து பார்த்து, எது உடைகிறதோ அதைத் திருத்த இறங்குகிற ஆள் அவதான் என்றா. அன்ரன் வாயைத் திறக்க, நான் அவருடைய காலை மிதித்தேன்.

பிறகு பார்த்தால் பக்கத்து அம்மா தன் மகளுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருக்கிறா. எனக்கு வென்ற சந்தோசம் பாதி போய்விட்டது. பையைத் திறந்து, பிள்ளைக்கென்று கொண்டுபோன எள்ளுருண்டையில் ஒன்றை நீட்டினேன். வாங்கிக் கடித்துக்கொண்டு என்னை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுக் கேட்டா: "அந்தப் பிள்ளை உங்கட மகளோ? என்ர பிள்ளைய அரை மணித்தியாலம் அசைய விடேல்லை. நல்லா இருக்கட்டும், ஆனா இனி எங்களோட விளையாட வரவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

ஒரு பிள்ளையைப் பழக்கி எடுக்க அந்தக் கம்பெனிக்கு ஒரு வருடம் போதுமாக இருந்தது. தாயைப் பழக்கி எடுக்க எத்தனை வருட ஒப்பந்தம் வேண்டுமென்று கேட்டேன், கோச் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறா.