மலை திருப்பிச் சொல்லாத பெயர்

அன்று கோட்டைக்குக் கீழே பொட்டலில் கடைசி வரை இருந்தவர்கள் நாலே பேர்: தேர்தலில் சுயேச்சையாக நின்ற வக்கீல் ஐயா, அவருடைய உண்டியல் டின்னைப் பார்த்துக்கொண்ட பீடிக்கடை பாய், எண்ணெய் மில் குமாஸ்தா, மைக் செட்டுக்காரனான நான். ராஜகிரி மலையையும் சேர்த்தால் ஐந்து. சேர்க்கத்தான் வேண்டும்.

அறுபதுகளில் நடந்த தேர்தல் அது. பெரிய கட்சிகள் இரண்டுக்குமே மில் முதலாளிதான் ஜீப்பும் பணமும் கொடுத்தார். யார் ஜெயித்தாலும் எங்கள் ஊர் கடலைக்கு விலை வைக்கப்போவது அவர்தான். வக்கீல் ஐயா நின்றதே அதை எதிர்த்துத்தான். "எவன் காசுல ஓட்டு கேக்குறான்னு ஊருக்குத் தெரியணும்பா" என்பார். டின்னில் விழுந்தது நாலணாவாக இருந்தாலும், கொடுத்தவர் பெயரோடு அன்றன்று சாயங்காலம் மைக்கில் படித்துவிடுவார். நான் குழாய் ஸ்பீக்கரை மலையைப் பார்க்கக் கட்டித் தொலைத்திருந்தேன். ஆறாவதோடு நின்றவன், ஒயரை மூன்று தடவை சரிபார்ப்பேனே தவிர, சத்தம் திரும்பி வரும் என்று யோசிக்கவில்லை. ஐயா ஒரு பெயரைப் படித்து மூச்சு வாங்குவதற்குள் பாறை அதன் வாலை மட்டும் சொல்லும். மனுஷக் குரல்தான். ஆனால் ஐயாவின் குரல் இல்லை என்று எனக்குப் படும். "மலைக்கும் ஓட்டு இருக்குதுய்யா, லிஸ்ட்ல சேத்துக்கோங்க" என்று பாய் சொல்ல, ஜனங்கள் சிரிப்பார்கள்.

மூன்றாம் நாள் குமாஸ்தா ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்றார். யாரையும் மிரட்டவில்லை. ஐயா படிக்கப் படிக்க எழுதிக்கொண்டார். சரியாகக் காதில் விழாத பெயருக்கு, மலை சொல்லும் வரை பென்சிலைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார். அந்த வாரமே அந்தப் பெயர்க்காரர்களின் கடலை மூட்டைகளை ஈரம் என்று சொல்லி மில் வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். பிறகு பெயர்கள் குறைந்தன. கூட்டமும் தேய்ந்தது.

பிரசாரத்தின் கடைசி நாள் டின் காலி. "கொடுக்கிறவங்க யாராவது இருக்கீங்களா?" என்று ஐயா மைக்கில் கேட்டார். "இருக்கீங்களா?" என்றது மலை. குமாஸ்தா வந்து ஒரு கவரை நீட்டினார்.

"ஐநூறு இருக்குதுங்க. மைக் வாடகைக்கு ஆவும்."

"யார் பேர்ல படிக்கட்டும்?"

"பேரு எதுக்குங்க? வெச்சுக்குங்க."

"உங்க மொதலாளிக்குப் பேரு வெக்க மறந்துட்டாங்களா, இன்னா?" என்றார் பாய்.

"பேரில்லாத காசு வேணாம்" என்று ஐயா கவரைத் திருப்பிக் கொடுத்தார்.

என் சட்டைப் பையில் ஒரு ரூபாய் இருந்தது. மைக் செட்டோ கடனில் வாங்கியது. மில் வீட்டுக் கல்யாணங்களை நம்பித்தான் தவணை கட்டிக்கொண்டிருந்தேன். குமாஸ்தா சைக்கிளை எடுக்கத் திரும்பிய நேரம் பார்த்து ஐயாவிடம் ரூபாயை நீட்டினேன். "என் பேரை மட்டும் படிக்காதீங்க, ஐயா." மூன்று தடவை சரிபார்க்கிறவன், அன்றைக்கு மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

"படிக்காதீங்க, ஐயா" என்றது மலை.

குமாஸ்தா சைக்கிளோடு அப்படியே நின்றார். ஐயா ரூபாயை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினார். "ஐநூறுக்குச் சொன்னதுதான் இதுக்கும். பேரோட குடுக்குற அன்னைக்கி வாங்கிக்கிறேன்பா."

ஐயா தோற்றார். எனக்குரிய வாடகையைப் பைசா குறையாமல் தந்தார். இரண்டு வருஷத்தில் போயும் சேர்ந்தார். மில் வீட்டில் எனக்கு மைக் வேலை கொடுத்துக்கொண்டேதான் இருந்தார்கள். அந்த நோட்டில் என்னை எப்படி எழுதிவைத்தார்களோ என்ற பயம்தான் போகவில்லை. இப்போது அதே பொட்டலில் மலையையே மறைக்கிற அளவுக்கு பேனர் கட்டுகிறார்கள். யார் காசு என்று எந்த மைக்கும் படிப்பதில்லை. போன மாதம் ஒரு மத்தியானம் அங்கே தனியாகப் போய் நின்று, என் பெயரை உரக்கச் சொன்னேன். வெகுநேரம் காத்திருந்தேன். மலை வாயே திறக்கவில்லை.

அன்று இருந்த ஐந்தில் மிச்சம் அதுவும் நானும்தான். வக்கீல் ஐயாவுக்கு நான் தரவேண்டிய பாக்கி, ஒரு ரூபாய்.