ஒன்று அடித்தால் நில், இரண்டு அடித்தால் போ

எங்கள் மினி பஸ்ஸில் விசில் கிடையாது. பக்கத் தகரத்தில் உள்ளங்கையால் ஒன்று அடித்தால் பஸ் நிற்கும், இரண்டு அடித்தால் கிளம்பும். கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் ரோட்டில் கொஞ்ச தூரம் போய், பிறகு மிளகாய்க் காட்டுக்கும் பருத்திக் காட்டுக்கும் நடுவே ஏழெட்டு ஊர்களைத் தொட்டுத் திரும்பும் பஸ் அது. நான் அதில் கண்டக்டர். முன்பெல்லாம் என் கழுத்திலும் விசில் தொங்கியது. மகளுக்கு இரண்டு வயதானபோது ஒரு நாள் வீட்டுக்குள் அதை விளையாட்டாக ஊதினேன். காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனவள் அரை நாள் வெளியே வரவில்லை. அன்றோடு விசிலை ஆணியில் மாட்டிவிட்டுக் கையால் அடிக்கத் தொடங்கினேன்.

“மாப்ள, உன் மவ நம்ம பஸ்ஸுக்கே வாய்ப்பூட்டு போட்டுட்டாளே” என்றார் டிரைவர்.

பஸ்ஸுக்குப் போடலாம், எனக்குப் போட முடியாது. ஏறுகிறவர்களின் வாயைக் கிளறுவது எனக்கு டிக்கெட் கிழிப்பதைவிடப் பிடித்த வேலை. படியில் நிற்பவரை “உள்ள போங்க அண்ணாச்சி” என்றால், “உள்ள கால் வைக்க இடமில்ல, வேணும்னா தலைய மட்டும் வைக்கேன்” என்பார். இப்படி ஒரு பேச்சு கிடைத்தால் அன்று முழுக்க எனக்குப் பசிக்காது. அப்படிப்பட்டவனுக்குப் பிறந்தவள், மூன்றரை வயதாகியும் ஒரு சொல் பேசவில்லை.

பஸ்ஸே கூடி வைத்தியம் சொன்னது. வசம்பைச் சுட்டு நாக்கில் தடவச் சொன்னார்கள், தடவினோம். மகள் என் சட்டையில் துப்பினாள். கீரைக்கூடையோடு ஏறும் அக்கா ஒருத்தி, “எங்க அண்ணன் மவன் அஞ்சு வயசு வரைக்கும் வாயே தொறக்கல. இப்ப கோயில் கொடைக்கு மைக்க கையில குடுத்துட்டுத் திருப்பி வாங்க முடியல” என்றாள். மனசுக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மாதான் பொறுமையாகப் பார்த்து, ஆட்டிசம் என்றார். “பேச்சு வாரப்ப வரட்டும். அதுக்காகக் காத்துக்கிட்டு இருக்காதீங்க. நாலு பிள்ளைக இருக்கணும், சத்தம் கம்மியா இருக்கணும், பாத்துக்கிட ஒரு பொறுமையான ஆள் இருக்கணும். அப்படி ஒரு இடத்துல சீக்கிரமே சேத்துருங்க” என்றார். சொல்லும்போது லேசாகத்தான் இருந்தது.

கோவில்பட்டியில் முதலில் போன நர்சரியில் மேடம் எதிரே நாலு நாற்காலி. மகள் அவற்றை இழுத்து ஒன்றன்பின் ஒன்றாகப் பஸ் ஸீட்போல வரிசை வைத்தாள். மேடம் அவளிடம் பெயர் கேட்டார், நான் சொன்னேன். என்ன பிடிக்கும் என்று கேட்டார், முட்டையும் முறுக்கும் என்றேன். சுவரிலிருந்த பழத்தைக் காட்டி என்ன நிறம் என்றார், மஞ்சள் என்றேன்.

“சார், உங்களுக்கு எல்.கே.ஜி.யில சீட் போட்டுருதேன்” என்று சிரித்தார் மேடம். பிறகு சிரிக்காமல், “பிள்ளை பேச ஆரம்பிக்கட்டும். அப்புறம் கூட்டிட்டு வாங்க” என்றார்.

வெளியே வந்ததும் என் மனைவி, “நெசமாவே உங்களுக்கு சீட் குடுத்திருந்தா அங்கனயே விட்டுட்டு வந்திருப்பேன்” என்றாள்.

இரண்டாவது பள்ளி சேர்த்துக்கொண்டது. ஆனால் அங்கே காலைப் பிரார்த்தனைக்கு ஒலிபெருக்கி. முதல் மூன்று நாளும் மகள் பெஞ்சுக்கு அடியில்தான் இருந்தாள். நான்காம் நாள் கூப்பிட்டு, “அவளுக்கும் கஷ்டம், எங்களுக்கும் கஷ்டம்” என்றார்கள். பொய் சொல்லவில்லை, அதனால் கோபப்படவும் வழியில்லை. திரும்பக் கூட்டிவந்தோம். மனைவிக்குக் கடலை மிட்டாய் கம்பெனியில் பாக்கெட் போடும் வேலை. அதை விட முடியாது. அதனால் மகள் என்னோடு பஸ்ஸுக்கு வந்தாள்.

டிரைவருக்குப் பின்சீட், ஜன்னலோரம். நான் தகரத்தில் அடிப்பதைப் பார்த்து அவளும் ஜன்னல் கம்பியில் அடிப்பாள். “உனக்கும் உன் மவளுக்கும் நடுவுல நான் எத்தன தடவதான் கிளம்புததுடே?” என்று டிரைவர் அலுத்துக்கொள்வார். ஆனால் அவரேதான் அவளுக்காக முறுக்கு வாங்கி டேஷ்போர்டில் வைத்திருப்பார்.

மூன்றாவது ஊரில் இறங்கும் பால்வாடி டீச்சர் அவளுக்குப் பக்கத்து சீட்டில்தான் தினமும் உட்காருவார். எட்டு வருஷமாக என் பஸ்ஸில் வருகிறார். சரியாகச் சில்லறையை நீட்டுவார், ஜன்னலைப் பார்ப்பார், இறங்கிவிடுவார். என்னால் வாயைக் கிளற முடியாத ஒரே பயணி அவர்தான்.

ஒரு நாள் மூன்றாவது ஊருக்குக் கொஞ்சம் முன்னாலேயே கம்பியில் டப்பென்று ஒரு அடி. டிரைவர் பழக்கத்தில் பிரேக் போட்டார். நான் அடிக்கவில்லை, மகள்தான் அடித்திருந்தாள். டீச்சர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

“அண்ணாச்சி, நான் இறங்குத இடம் உங்க மவளுக்குத் தெரியுது. ஒரு வாரமா கவனிக்கேன். எனக்கு மட்டும் உங்களுக்கு முன்னாடியே அடிக்கா.”

எட்டு வருஷத்து மௌனம் கலைந்த அதிர்ச்சியில் இரண்டு அடிக்க மறந்து நின்றேன்.

“எங்கிட்ட பதினோரு பிள்ளைக இருக்கு. மைக்கும் கிடையாது, மணியும் கிடையாது. கூட்டிட்டு வாங்க.”

மனைவி முதலில் முறைத்தாள். “டவுன்ல இம்புட்டு ஸ்கூல் இருக்கப்ப பிள்ளைய பஸ் ஏத்திப் பால்வாடிக்கா அனுப்புதது?” பிறகு அவளே, “மைக் இல்லன்னா சொன்னாவ?” என்று கேட்டாள். ஒரு நாளைக்கு ஆறு தடவை அந்தக் கட்டடத்தைத் தாண்டிப் போகிறவன் நான். ஒரு தடவைகூட அதைப் பள்ளிக்கூடமாகப் பார்த்ததில்லை.

சரி, சேர்க்கிறதுதான் சேர்க்கிறோம், சிறப்பாகச் சேர்ப்போம் என்று நினைத்தேன். அதுதான் தப்பு. புதுப் பட்டுப்பாவாடை, தலை நிறையப் பூ, ஒரு பெட்டி கடலை மிட்டாய். எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்கு யாரையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது. அதனால் மூன்றாவது ஊரில், “எல்லாரும் இறங்கி ஒரு வார்த்த வாழ்த்திட்டுப் போங்க” என்று நானே சொன்னேன். முப்பது பேர் இறங்கினார்கள். கீரைக்கார அக்கா குலவை போட்டாள். டிரைவர் சந்தோஷத்தில் நீளமாக ஹாரன் அடித்தார்.

மகள் வாசலில் படுத்துவிட்டாள். கழுத்துச் சரிகையைப் பிய்த்துக்கொண்டு அவள் வீறிட்ட சத்தத்தில் குலவை பாதியில் நின்றது.

டீச்சர் வந்தார். என் கையிலிருந்த மிட்டாய்ப் பெட்டியை வாங்கி மூடினார். “பிள்ளையச் சேக்க வந்தீங்களா, கல்யாணத்துக்கு வந்தீங்களா? எல்லாரையும் பஸ்ல ஏத்துங்க. நாளைக்கு வாங்க. பழைய கவுன் போதும். பூ வேண்டாம், ஹாரன் வேண்டாம். நீங்களும் பேசாம வரணும்.”

“மத்ததெல்லாம் நடக்கும் டீச்சர், கடைசி மட்டும் நடக்காது” என்றார் டிரைவர்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் மூன்றாவது கதவையும் நானே சாத்திவிட்டேனோ என்று பயம். ‘நாளைக்கு வாங்க’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் பழைய பருத்திக் கவுனில் வந்தாள். பஸ் தள்ளியே நின்றது. வாசற்படியில், புது இடம் என்றால் எப்போதும் செய்வதுபோல, என் கையைப் பின்னால் இழுத்தாள். உள்ளே இருந்த டீச்சர் அவளைக் கூப்பிடவில்லை. கதவுப் பலகையில் உள்ளங்கையால் ஒன்று அடித்தார். மகள் இழுப்பதை நிறுத்தினாள்.

“எதுக்கு டீச்சர் கதவ அடிக்கீங்க?” என்றது ஒரு பிள்ளை.

“பஸ் நிக்குது. ஒரு ஆள் ஏறணும்.”

கொஞ்ச நேரம் கழித்து இரண்டு அடித்தார். மகள் என் விரலை விட்டுவிட்டு உள்ளே போனாள். அங்கே இப்போது சத்துமாவு சாப்பிடுவதற்கும், தூங்கப் பாய் விரிப்பதற்கும் இரண்டு அடிதான். பதினோரு பிள்ளைகளும் இந்தப் பாஷையைப் படித்துவிட்டார்கள்.

முதல் பத்து நாள் நான் கூட இருக்க வேண்டும் என்று டீச்சர் சொன்னதால், அந்த நேரத்துக்கு டிரைவரின் மைத்துனன் என் பையை மாட்டிக்கொண்டான். படியில் உட்கார்ந்திருந்தேன். டீச்சர் மகளிடம் ஏதாவது கேட்டால் என் வாய் தானாகத் திறக்கும். “அண்ணாச்சி, வாய்க்கும் பத்து நாள் லீவு குடுங்க” என்பார். கொடுத்தபோதுதான் கவனித்தேன், கேட்டதற்கெல்லாம் அவள் பதில் வைத்திருந்தாள். மஞ்சள் எது என்றால் ஓடிப்போய் மஞ்சள் பந்தை எடுத்து வருவாள். நான்தான் அதற்குள் சொல்லி முடித்துவிட்டிருக்கிறேன்.

பதினோராம் நாளும் போய்ப் படியில் உட்கார்ந்தேன். எனக்குத்தான் எழுந்து வர மனசில்லை. திரும்பி வந்த பஸ் ரோட்டில் நின்றது, டிரைவர் ஹாரன் அடிக்காமல் காத்திருந்தார். மகள் உள்ளிருந்து வந்தாள். என்னைப் பார்த்தாள், பஸ்ஸைப் பார்த்தாள். என் முதுகில் சின்ன உள்ளங்கையால் இரண்டு அடி அடித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் பிள்ளைகள் நடுவே போய் உட்கார்ந்தாள்.

எழுந்து ஓடிப்போய் ஏறினேன்.

“என்ன மாப்ள, டீச்சர் விரட்டிட்டாவளா?” என்றார் டிரைவர்.

“டீச்சர் இல்ல மாமா. என் மவ ரைட் குடுத்துட்டா. வண்டிய எடுங்க.”