அரக்கு வைத்த சுருதி

காலை ஏழு பத்துக்கு மேட்டுப்பாளையத்தில் கோத்தகிரி பேருந்து கிளம்பியது. அரவேணுவுக்கு முப்பது ரூபாய். சில்லறையாகக் கொடுத்ததில் நடத்துனருக்கு ஏக மகிழ்ச்சி. என் மடியில் ஒரு காலி அட்டைப்பெட்டி. திரும்பும்போது அதில் ஒரு வாத்தியம் இருக்க வேண்டும் என்பது திட்டம்.

வால்வு ரேடியோ புதிதாக வந்த காலத்தில் வெளிநாட்டில் சிலர் மின்சாரத்தைப் பாடவைக்கக் கிளம்பினார்கள். அவர்கள் செய்த வாத்தியங்களில் ஒன்றைத் தொடவே வேண்டாம். கம்பியருகே கையைக் கொண்டுபோனால் சுருதி ஏறும், விலக்கினால் இறங்கும். அந்த வகை வாத்தியங்களைத் தேடிப்பிடித்துப் பழுதுபார்ப்பது என் பைத்தியம். சென்னை வீட்டில் பதினொன்று இருக்கின்றன. அரவேணுவில் ஒரு தேயிலை ஃபேக்டரி எலக்ட்ரீஷியன் தானாகவே ஒன்று செய்தார் என்று கேள்விப்பட்டுத்தான் புறப்பட்டேன்.

எட்டரைக்கு இறங்கினேன். ஓய்வுபெற்ற அந்த எலக்ட்ரீஷியன், ராமசாமி, நிறுத்தத்துக்கே வந்திருந்தார்.

"ஏனுங்க, சாப்பிட்டீங்களா? வாங்க, ஊடு பக்கந்தான்."

தேயிலைப் பெட்டிப் பலகை, பழைய ரேடியோ வால்வுகள், திரைச்சீலை மாட்டும் பித்தளைக் கம்பி. இவ்வளவுதான் வாத்தியம். சுருதித் திருகின்மேல் சிவப்பு அரக்கு கெட்டியாக உறைந்திருந்தது.

"சுருதி சரியா வந்த அன்னிக்கே திருகு நகராம அரக்கு வச்சுட்டேனுங்க. எத்தனையோ வருசம் ஒழுங்கா பாடுச்சு. எங்கூட்டுக்காரி போனதுக்கப்புறம் ஒரு சுரம் நிக்கலீங்க. கை போச்சு, காதும் போச்சு. நீங்களே எடுத்துட்டுப் போங்க."

வாசித்துக் காட்டினார். கேட்கச் சகிக்கவில்லை. மலை ஈரம்தான் காரணம் என்று பெரிய மேதாவியாக அறிவித்துவிட்டு வாத்தியத்தின் பெட்டியைத் திறந்தேன். பதினொன்றரை வரை துடைத்தேன், உலர்த்தினேன், அளந்தேன். ஒரு கோளாறும் இல்லை. எனக்கு வெட்கமாகிவிட்டது.

மருமகள் கலா தேநீர் கொண்டுவந்தாள். நாற்காலியில் என் கருவிகள் பரப்பிக் கிடந்ததால், வாத்தியத்தை ஒட்டிக் கிடந்த முக்காலியில் உட்கார்ந்து பீன்ஸ் நார் உரிக்கத் தொடங்கினாள். ராமசாமி சும்மா கையை உயர்த்தினார்.

சுரம் பிசகாமல் நின்றது. அடுத்ததும் நின்றது.

"அந்த முக்காலியில் முன்பு யார் உட்காருவார்கள்?" என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்காரிங்க. நான் வாசிச்சா இங்கதான் காய் அரிஞ்சுட்டு இருப்பா."

"அரக்கு வைத்த அன்றும்?"

"அன்னிக்கும்தானுங்க."

வாசிப்பவரின் கையை மட்டுமல்ல, பக்கத்தில் இருக்கும் எந்த உடம்பையும் அந்தக் கம்பி கணக்கில் சேர்த்துக்கொள்ளும் என்று விளக்கினேன். "உங்கள் கையும் போகவில்லை, காதும் போகவில்லை. அரக்கை உடைத்துத் திருகைக் கொஞ்சம் நகர்த்தினால் ஆளில்லாத அறையிலும் பாடும். ஒரு நிமிட வேலை."

அவர் அரக்கின்மேல் உள்ளங்கையை வைத்து மூடிக்கொண்டார்.

"வேணாங்க. அவ இருந்தது அதுல இருக்குது." பிறகு, "கலா, இன்னும் கொஞ்சம் உக்காரு கண்ணு."

"அடுப்புல குக்கர் வச்சிருக்கேனுங்க மாமா," என்றாள். ஆனால் எழுந்திருக்கவில்லை. மூன்று விசில் வரை அவர் வாசித்தார்.

ஒன்று நாற்பது பேருந்தில் காலிப்பெட்டியோடு மலை இறங்கினேன். ஏமாற்றம்தான், மறைப்பானேன். சென்னையில் இருக்கும் என்னுடைய பதினொன்றும் இம்மி பிசகாமல் பாடும். எல்லாவற்றுக்கும் நான் தனியாக நின்றுதான் சுருதி சேர்த்தேன். யாராவது பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் கெட்டுவிடும்.

இதுவரை கெட்டதில்லை.